கிருமி ஊசி

சடையப்பனின் குதிகாலில் வந்த கறுப்புப் புள்ளியை முள் குத்திய தழும்பு என்றுதான் மனைவி முனியம்மா நினைத்திருந்தாள். தோல் புற்று என்று தெரிவதற்குள் கணுக்கால்வரை கட்டிகள் முளைத்துவிட்டன. மதுராந்தகத்தில் நெல் லோடு வண்டி ஓட்டியவர், செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்துச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தார்.

அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உதட்டோரம் கொப்புளம் கிளப்புகிற வைரஸை மாற்றியமைத்துக் கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றுவது.

"அது புற்றுக்குள்ள பெருகி அதை உடைக்கும்" என்றார் டாக்டர் ஹம்சினி. "ஆனா புண்ணுல கசியற நீர்ல அந்தக் கிருமி இருக்கும். கையுறை போட்டுத்தான் கட்டு மாத்தணும். கர்ப்பிணிங்க அதைத் தொடவே கூடாது."

மகள் கீர்த்தனா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"ஒரே ரூம் வூடு. எதத் தொடுவ, எதத் தொடாம இருப்ப? கடப்பாக்கத்துக்கே போய்டு கண்ணு" என்று முனியம்மா அவளை மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள்.

ஊசி போட்ட இரவெல்லாம் அவருக்குக் குளிர் தூக்கிப்போட்டது. கட்டிகள் சிவந்து, கசிந்து, மெல்ல அமுங்கின. "கரையுது பாரு!" என்று காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

அடுத்த ஸ்கேனில் புற்று நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது.

"ஊசி போட்ட இடத்துல கேட்டுது. சிலருக்கு உள்ளேயும் அடங்கும். உங்களுக்கு அடங்கலை" என்றார் டாக்டர்.

"ஊசிய நிறுத்திட்டா எம்பொண்ணு எப்ப வரலாம் மேடம்?" என்று கேட்டார் சடையப்பன்.

"புண்ணு காஞ்சு பொருக்கு உதிரணும். ஒரு மாசமாவது ஆகும்."

"அப்ப நிறுத்திடுங்க."

ரயிலில் முனியம்மா சண்டை பிடித்தாள். "யாரக் கேட்டு நிறுத்தன?"

"நெஞ்சுல கேக்கலன்னு அந்தம்மாவே சொல்லிச்சு. இன்னாத்துக்கு இன்னும் குத்திக்கினு? பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

பொருக்கு உதிரவில்லை. கீர்த்தனா தினமும் போனில், "வரட்டுமாப்பா?" என்பாள். "காயட்டும் கண்ணு" என்பார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும். ஒருநாள் விடியலில் அந்த மூச்சும் நின்றது.

ஆட்டோவில் வந்து இறங்கிய கீர்த்தனாவைப் பெரியப்பா முனிசாமி வாசலிலேயே மறித்தார். "புள்ளத்தாச்சி பொணத்தப் பாக்கக்கூடாது. வண்டியிலயே குந்து."

முனியம்மா எழுந்து வந்தாள். "டாக்டரம்மா சொன்னாங்கன்னு இத்தினி நாளு தள்ளி வெச்சேன். அதுல ஒரு ஞாயம் இருந்துது. நீ சொல்றதுல இன்னா கீது மாமா? வழிய வுடு."

மகளைத் தலைமாட்டுக்குக் கூட்டிப்போனாள். அவர் காலைப் பாலிதீனால் சுற்றி இறுகக் கட்டியிருந்தாள். "அந்தப் பக்கம் வேணாம். மூஞ்சியத் தொடு."

கீர்த்தனா வயிற்றைப் பிடித்தபடி மண்டியிட்டு அப்பாவின் கன்னத்தில் கைவைத்தாள்.

"தாடி குத்துதும்மா. ஷேவ் பண்ணி வுடலியா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்னாருடி" என்று சொல்லும்போதுதான் முனியம்மாவுக்கு அழுகை வெடித்தது.