சூடு தெரியாத கால்

கோலா சாவா தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியில் இந்த வருஷம் நீலாவதி ஓடவில்லை. எல்லோரும் அலறியடித்துக் கடந்த நெருப்பை அவள் கடைக்குப் போகிறவள்போல நிதானமாகக் கடந்தாள். சூடே தெரியவில்லை.

"ஆத்தா இறங்கிட்டா லா!" என்று கத்தினார் கோயில் தலைவர் மகேந்திரன். அவ்வளவுதான், கூட்டம் அவள் காலில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து பாதத்தைப் பார்த்தால் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அதுவும் வலிக்கவில்லை. போன வருஷம்தான் தொடைச் சதையில் வந்த அபூர்வமான புற்றுநோயை வெட்டி எடுத்திருந்தார்கள். சொல்லலாம்தான், யாரிடம் சொல்வது? கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சிங்கப்பூரோடு சரி. பக்கத்து வீடுகளிலெல்லாம் பாஷை புரியாத வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். கொப்புளம் தெரியாமல் காலுறையை மாட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஆள் ஓயவில்லை. திருநீறு கேட்டு வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். பயம் உள்ளே அரித்தாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? சுவரோடு பேசி அலுத்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

குளியலறையில் கால் மடங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஃபெலிசியா சுற்றி வளைக்கவில்லை.

"அந்த நோய் தண்டுவடத்துக்குள்ள பரவிருச்சும்மா. அதான் சூடு தெரியல. இன்னிக்கே அட்மிட் ஆகணும், கதிர் சிகிச்சை குடுக்கணும். தள்ளிப்போட்டா நடக்கவே முடியாது."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க டாக்டர்..."

"அவங்களா உங்கள தூக்கிட்டு நடப்பாங்க?"

துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். வாசலில், திருநீறு வாங்க வரும் ரதி கைக்குழந்தையோடு காத்திருந்தாள். குழந்தையை நீலாவதியின் காலடியில் கிடத்தக் குனிந்தாள்.

"வேணாம் ரதி. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதுகுக்குள்ள கேன்சர். கால் மரத்துப்போச்சு, அதான் சுடல."

"அப்படிலாம் பேசாதீங்கக்கா, சாமி குத்தமாயிரும் லா!" ரதி குழந்தையை வாரிக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீலாவதி வாடகைக் காரில் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பார்வை நேரங்களில் பக்கத்துக் கட்டில்களைச் சுற்றிச் சனம் நின்றது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சிகிச்சை முடியும் தறுவாயில் ஒரு காலை, மலாய்த் தாதி அவள் உள்ளங்காலில் ஊசியால் குத்தி, "சாக்கிட்?" என்று மலாயில் கேட்டாள்.

சுருக்கென்றது.

"வலிக்குது! சாக்கிட், மிஸ்ஸி, சாக்கிட்!" நீலாவதி அழுதேவிட்டாள். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மகனை அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. கைப்பேசியில் இருந்த மற்றப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

பிறகு தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ குத்தும்மா," என்று தமிழிலேயே கேட்டாள்.