வார்டைப் பார்க்காதவன்

1997இல் வனஜாவும் உத்தமனும் ஒரு மருத்துவமனைக்காகப் படுக்கை ஒதுக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அல்சூர் பக்கம் சின்ன கம்பெனி. ஆம்பூரிலிருந்து வந்த வனஜாவுக்கு அதுதான் முதல் வேலை. காகிதத்தில் வரைவார்கள், கொஞ்சம் எழுதி ஓட்டிப் பார்ப்பார்கள், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவார்கள்.

“எழுதிப் பாத்தாதாங்க நமக்கு என்ன புரியலன்னே புரியுது” என்பான் உத்தமன். அவள் மறுத்துப் பேசுவாள். மதியம் போவதே தெரியாது.

வேலை பாதியில் இருக்கும்போது அவன் நியூஜெர்சிக்குப் போய்விட்டான். மீதியை அவள் தனியாக முடித்தாள். இதற்கு அவன் என்ன சொல்வான் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்தாள்.

புரோகிராம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் வார்டில் யாரும் அதைத் தொடவில்லை. வனஜா நேரில் போனாள். மூத்த நர்ஸ் லட்சுமம்மா பென்சிலால் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

“நோடம்மா, இங்க பாரு, பன்னெண்டாம் பெட் காலின்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுது. பக்கத்து பெட்ல இருமிக்கிட்டே இருக்காரு ஒருத்தர். வயித்துல தையல் போட்டவங்கள அங்க எப்படிப் படுக்க வைப்பேன்?”

மூன்று மதியங்கள் வனஜா அவர் கூடவே நின்றாள். பிறகு எல்லாவற்றையும் மாற்றினாள். இப்போது திரையில் வார்டு முழுதும் தெரிந்தது, யார் பக்கத்தில் யார் என்பதோடு. இடத்தைத் தேர்ந்தெடுப்பது நர்ஸ்தான். லட்சுமம்மா பட்டியல் போடுவதை நிறுத்தினார்.

அந்தத் திரையின் வரைபடத்தை வனஜா உத்தமனுக்கு ஃபாக்ஸில் அனுப்பினாள். இரண்டு நாளில் அது அவன் கையால் எழுதிய குறிப்போடு திரும்பி வந்தது.

“நர்ஸ் எதுக்குத் தேர்ந்தெடுக்கணும்? விதிய எழுதிட்டா கம்ப்யூட்டரே பாத்துக்கும். இங்க யாரோ வரைஞ்சு குடுக்கறாங்க வனஜா, நான் டைப் மட்டும் அடிக்கிறேன். சண்டை போட ஆளில்ல.”

அந்தக் குறிப்பைப் பலமுறை படித்தாள். அவன் சொன்ன யோசனை தப்பு. ஒரு மதியம் லட்சுமம்மா பக்கத்தில் நின்றிருந்தால் அவனே சிரித்திருப்பான். புரோகிராமில் எதையும் மாற்றாமல் பதில் அனுப்பினாள்: “ஒரு நாள் வந்து வார்டுல நில்லுங்க. அப்புறம் சண்டை போடலாம்.”

டிசம்பரில் வருவதாக எழுதினான். லீவு கிடைக்கவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு மருத்துவமனைகள் அந்தப் புரோகிராமைக் கேட்டன. வனஜா இரண்டிலும் முதலில் வார்டில் போய் நின்றாள். அவனிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின.