கைராசிக்காரர் கொடுத்த மாத்திரை

பட்டுக்கடை குமாரசாமியின் கைராசி காஞ்சிபுரம் முழுக்கப் பிரசித்தம் என்று முதலில் சொன்னவர் குமாரசாமிதான். பிறகு ஊரும் சொல்லத் தொடங்கியது. பிள்ளையார்பாளையத்தில் யாராவது புதுத் தறி போட்டால் அவர் வந்து தொட்டுக் கொடுக்க வேண்டும். கடை திறந்தால் முதல் போணி அவருடையது. அப்படித் திறந்த கடைகளில் மூடிய கடைகளும் உண்டு. அவை உரிமையாளரின் ஜாதகத்தால் மூடியவை. கைராசிக் கணக்கில் சேராது.

கைராசிக்கு அடுத்தபடியாக அவர் பெருமைப்பட்டது ரத்தம். சங்கத்து ஆண்டுவிழாவானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி, மைக் கைக்கு வந்துவிட்டால் 'ஏழு தலைமுறையாக வெளி ரத்தம் கலக்காத குடும்பம்' என்றுதான் பேச்சு தொடங்கும். அது உண்மையும்கூட. அவர் அக்காள் மகளைக் கட்டியவர். தங்கை வடிவாம்பாளைத் தாய்மாமன் மகனுக்குக் கொடுத்தார்கள். அந்த மாமன் மகன் போய்ச் சேர்ந்துவிட்டார். வடிவாம்பாளின் ஒரே மகள் கீர்த்தியைக் குமாரசாமி தன் மகன் முத்துக்குமாருக்கு எடுத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கமும் அதே தாத்தா, அதே பாட்டி பெயர் வரவே, அச்சகத்துக்காரர் பிழை என்று நினைத்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார். அதற்காக அவர் வாங்கிய திட்டு தனிக்கதை.

கீர்த்திக்குப் பெண் குழந்தை பிறந்த சில மாதங்களில் தூக்கம் போனது. பிறகு பேச்சு மாறியது. தொட்டிலில் கிடப்பது தன் குழந்தை இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். பால் கொடுக்க மறுத்தாள். முதலில் குமரக்கோட்டத்துத் திருநீறு, அடுத்து தாயத்து. இரண்டும் பலிக்காமல், முத்துக்குமார் அப்பாவுக்குத் தெரியாமல் அவளை மனநல மருத்துவர் பிரியதர்ஷினியிடம் அழைத்துப் போனான்.

விஷயம் தெரிந்தும் குமாரசாமி கோபிக்கவில்லை. ஏனென்று வடிவாம்பாளுக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் அவருக்கும் மனம் கலங்கியிருந்தது. போட்டிக் கடைக்காரர் தன் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு இளநீரிலேயே ஒரு மாதம் உயிர் வாழ்ந்தார். சென்னையில் யாரோ ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்துத் தேற்றினார். குடும்பத்தில் அதற்கு வைத்த பெயர் நரம்புச் சூடு. பட்டு வியாபாரிக்குப் பைத்தியம் பிடிப்பதில்லை, சூடுதான் பிடிக்கும்.

கீர்த்திக்கு எழுதிய மாத்திரையின் பெயரைப் படித்ததும், பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்தது.

"இதேதான் பா. நான் காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு போட்டுக்கினு கடைல உக்காந்து வியாபாரம் பண்ணேன்."

டாக்டர் எழுதியிருந்தது பாதி மாத்திரை. அது குடும்பத்தின் அந்தஸ்துக்குக் குறைவாக அவருக்குப் பட்டிருக்கலாம். ஆனாலும் அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாதியே கீர்த்தியைக் கட்டிப்போட்டது. ஒரு வாரத்துக்குள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. நடக்கும்போது கை வீசவில்லை. குழந்தை தன்னுடையதில்லை என்ற பேச்சு நின்றிருந்தது. மற்றப் பேச்சும் நின்றிருந்தது.

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தினார். இழுப்புக்கு வேறு மருந்து கொடுத்தார். ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். கல்லீரலில் இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற பொருள் ஒன்று உண்டு, அது சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது என்று பொறுமையாக விளக்கினார். அதற்கான மரபணு அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று இரண்டாக வரும். ஒன்று பழுதானால் மற்றது ஓரளவு சமாளிக்கும். இரண்டும் பழுதானால், விழுங்கிய மருந்து போக வழியில்லாமல் உடம்பில் தேங்கிக்கொண்டே இருக்கும்.

"குழாய்ல தண்ணி அளவாத்தான் வருது. தொட்டியில வெளிய போற வழி அடைச்சிருந்தா ரொம்பித்தானே வழியும்? அதுக்குத்தான் பார்க்கணும்கிறேன். முடிவு வந்ததும் வேற மருந்து குடுக்கலாம். அதுவரைக்கும் இந்த மாத்திரைய மட்டும் தொடாதீங்க."

"பழுதுன்னா... எங்க ரத்தத்துலயா?" என்று கேட்டார் குமாரசாமி.

"யார் ரத்தத்துலயும் இருக்கலாம் சார்."

ஆறுதலாகத்தான் டாக்டர் சொன்னார். ஆனால் ஊரில் எல்லோருக்கும் இருக்கக்கூடிய ஒன்று தனக்கும் இருக்கலாம் என்பதைவிடப் பெரிய அவமானம் குமாரசாமிக்கு வேறில்லை. அதோடு மகள் அபிநயாவுக்கு நிச்சயதாம்பூலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ராஜகோபால் ஏற்றுமதிக்காரர். தூரத்து உறவு, ஆகவே ரத்தம் சுத்தம். மருமகளின் ரத்தம் சோதனைக்குப் போனது தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? நிச்சயம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் குமாரசாமி. முத்துக்குமார் வழக்கம்போல மொபைலைப் பார்த்தான்.

மாத்திரை நின்றதும் இழுப்பு குறைந்தது. கீர்த்தி அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள், ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் குழந்தையைப் பற்றிய பேச்சும் திரும்பி வந்தது, தெருவுக்கே கேட்கும்படி. அது சம்பந்தி காதில் விழக்கூடாதே.

அந்த வீட்டில் எந்த மருந்தையும் முதல் வேளை பெரியவர் கையால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சாமி படத்தின் முன்னால் வைத்து, திருநீறு தொட்டு, நோயாளியின் உள்ளங்கையில் அவர் வைப்பார். இந்த முறை முதல் வேளையோடு அவர் விடவில்லை. நிச்சயத்துக்கு முந்தைய வாரம் முழுக்க, டாக்டர் நிறுத்திய அதே மாத்திரை, இரண்டு வேளையும் அவர் கையாலேயே நடந்தது.

"டாக்டரம்மா தொடவே வேணாம்னாங்களே அண்ணா" என்றாள் வடிவாம்பாள்.

"அவங்க புஸ்தகத்தப் பார்த்து சொல்றாங்க. நான் முழுங்கிப் பார்த்துட்டு சொல்றேன். என் உடம்பு ஏத்துக்கிச்சு. என் தங்கச்சி பொண்ணு உடம்பு ஏத்துக்காதா? ரத்தம் ஒண்ணுதானே மா."

சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நியாயம். அதை எந்த இடத்தில் மறுப்பது என்று வடிவாம்பாளுக்குத் தெரியவில்லை. தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

நிச்சயதாம்பூலத்தன்று கீர்த்தியை அரக்குப் பட்டில் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் அசையவில்லை. யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, காபியைக்கூட வேண்டுமென்று கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இந்தக் காலத்துல இப்பிடி அடக்கமா ஒரு மருமகளா? வெச்ச எடத்துல வெச்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்குது பாருங்களேன்."

"எல்லாம் வளர்ப்பு மா" என்றார் குமாரசாமி.

வடிவாம்பாள் மகளின் கையைத் தொட்டாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. முழங்கையை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. முகம் மரமாக இருக்க, கண்கள் மட்டும் மெல்ல நகர்ந்து அம்மாவிடம் வந்து நின்றன. வடிவாம்பாள் எழுந்து அண்ணனின் காதருகே போனாள். உடம்பு கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"தட்டு மாத்திடட்டும் மா. இப்பத் தூக்கிக்கினு போனா என்னா ஏதுன்னு கேப்பாங்க."

அவள் திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வழிந்த எச்சிலை முந்தானையால் யாரும் பார்க்காதபடி துடைத்தாள். புரோகிதர் இரண்டு குடும்பத்தின் வம்சாவளியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெயர்கள் நிறைய இருந்தன. வாசிப்பு முடிந்து தட்டு மாறியது. சம்பந்திகள் சாப்பிட்டு முடிக்கும் முன் வீட்டு மனிதர்கள் கிளம்புவது மரியாதை இல்லை என்பதால் பந்தியும் நடந்தது. பாயசம் பிரமாதம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீர்த்தி நாற்காலியிலிருந்து, உட்கார்ந்த மடிப்பு மாறாமல், பக்கவாட்டில் சாய்ந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு டாக்டர் பிரியதர்ஷினி ஓடி வந்தார். உள்ளே போகும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன கொடுத்தீர்கள்? அதை வைத்துத்தான் உள்ளே இருப்பவர்கள் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும்.

"நீங்க நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டோம். வேற ஒண்ணும் குடுக்கல" என்றார் குமாரசாமி. முத்துக்குமார் தரையைப் பார்த்தான்.

"அண்ணா குடுத்தாரு" என்றாள் வடிவாம்பாள். "அதே மாத்திரை. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. நான்தான் தண்ணி குடுத்தேன்."

டாக்டர் உள்ளே ஓடினார். ரத்தம் எடுத்தார்கள். மரபணுச் சோதனைக்கும் அதிலிருந்தே அனுப்பினார்கள். இப்போது யாரும் அனுமதி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கீர்த்தி இறந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். வார்த்தைக்கு வார்த்தை அதில் பொய் இல்லை என்பது குமாரசாமிக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சோதனை முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். இரண்டு மரபணுவும் பழுது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததில் ஒரே பழுது இரண்டு வழியிலும் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். குமாரசாமிக்கு ஒன்றாவது வேலை செய்திருக்க வேண்டும், அதனால்தான் அந்த மாத்திரையில் அவர் பிழைத்தார். ஒரே ரத்தம் என்பது ஒரே உடம்பு ஆகாது.

குமாரசாமி கணக்குப் போட்டார். "அப்போ எங்க பக்கம் சரியா இருக்குது. கோளாறு தங்கச்சி வீட்டுக்காரரோடது."

"அவரும் உங்க மாமா பையன்தானே சார்."

சங்கத்தில் கூட்டம் இருப்பதாகச் சொல்லி அவர் எழுந்தார். டாக்டர் வடிவாம்பாளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். குழந்தைக்கு அம்மாவிடமிருந்து ஒரு பழுது கட்டாயம் வந்திருக்கும். அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இது வியாதி இல்லை. தெரிந்து வைத்துக்கொண்டால், நாளைக்கு எந்த டாக்டரும் தெரியாமல் கொடுத்துவிட மாட்டார்.

கருமாதியன்று பந்தல் நிறைய உறவு. மொட்டைத் தலையோடு முத்துக்குமார் உட்கார்ந்திருக்க, குமாரசாமி நடக்க வேண்டியதைப் பற்றிப் பேசினார். பையன் வயசு சின்னது. கைக்குழந்தைக்கு வெளி ரத்தம் மாற்றாந்தாயாக வரக்கூடாது. அத்தை வழியில் ஒரு பெண் இருக்கிறாள், மூன்று மாதம் போகட்டும். பெரியவர்கள் தலையாட்டினார்கள். முத்துக்குமார் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வடிவாம்பாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சபையின் நடுவாகவே நடந்தாள்.

"எங்க மா கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. குழந்தை ரத்தத்தப் பாக்கணும்."

"இன்னிக்கா? இத்தனை பேர் உக்காந்திருக்கறப்பவா?"

"அன்னிக்கும் இத்தனை பேர்தான்ணா உக்காந்திருந்தாங்க."

குமாரசாமிக்குப் பேசாமல் இருந்து பழக்கமில்லை. அவள் வாசலைத் தாண்டும்வரை பொறுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பெருந்தன்மையோடு சொன்னார்:

"துக்கத்துல புத்தி கலங்கிடுச்சு பா. பாவம். நம்மகிட்ட மாத்திரை இருக்குது, ரெண்டு நாள் குடுத்தா சரியாயிடும்."

வடிவாம்பாளுக்கு அது கேட்டது. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.