பெண்கள் இழுத்த வண்டி

ஆறாவது நாள் பஸ்ஸில் யாரும் பாடவில்லை.

மிஸிஸிப்பிக் கரையில் நாவூ என்ற ஊரில் ஏறியபோது பாடினோம். ஆற்றைத் தாண்டும்போதும் பாடினோம். அயோவா முழுக்கச் சோளம். நெப்ராஸ்காவில் அந்தக் காலத்தில் வழியில் இறந்த குழந்தைகளின் கல்லறைகளைக் காட்டினார்கள். அதன்பின் தூங்கினோம். வயோமிங்கில் ஏசி நின்றுபோனது. நாற்பது பேரின் காலுறை நாற்றம் எங்களோடு மேற்கே வந்தது. எங்கள் மார்மன் சபையின் முன்னோர் நூற்றைம்பது வருடத்துக்கு முன் இதே பாதையில் கைவண்டி இழுத்துப் போனார்கள் என்று, பயணத்தை நடத்திய ஹாட்லக் சகோதரர் மைக்கில் சொன்னார். ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் அண்ணன் கார்வின். எனக்குப் பதினாறு, அவனுக்குப் பத்தொன்பது. இது பள்ளிப் பிள்ளைகளுக்கான பயணம். அவனை உதவியாளன் என்று எழுதிச் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் ஏற்பாடு.

காரணம் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். சபையைப் பரப்பும் இரண்டு வருட ஊழியத்துக்குப் பராகுவே போனவன் ஐந்தாம் மாதமே திரும்பிவிட்டான். மற்றவர்கள் திரும்பும்போது விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாகப் பாதி ஊர் நிற்கும். அவனுக்கு அம்மா மட்டும் போனாள். வரும் ஞாயிறு சபைத் தலைவர் அவனை அழைத்துக் கேட்பார்: மீண்டும் போகிறாயா, இல்லையா. அதற்குள் இந்தப் பாதையில் அவனுக்கு ஏதாவது நடக்கும் என்று அம்மா நம்பினாள்.

பின் இருக்கையிலிருந்து பிரியெல் தலையை நீட்டினாள். "கார்வின், பராகுவேல என்ன சாப்பாடு?"

"மரவள்ளி."

"தினமுமா?"

"தினமும்."

"அதான் ஓடி வந்துட்டியா?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் திரும்பினேன். "வாயை மூடுடி."

"விடு ஆரலி," என்றான். "எல்லாரும் மனசுக்குள்ள கேக்கறாங்க. அவ வாய்விட்டுக் கேட்டா."

மதியம் மலையடிவாரத்தில் இறக்கினார்கள். பெண்கள் எங்களுக்கு முன்னோரைப் போலக் கணுக்கால் வரை பாவாடை, கழுத்தில் முடிச்சிடும் துணித்தொப்பி. பையன்களுக்கு முழுக்கைச் சட்டை. கைவண்டிகளில் மாவு மூட்டையும் தண்ணீர் டிரம்மும் ஏற்றியிருந்தார்கள். மூன்று மைல் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். பிறகு பெண்கள் இழுக்கும் மேடு வந்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் முதலில் மேட்டில் ஏறி, பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். தொப்பி கையில் இருக்கும். பேசக் கூடாது. தொடக் கூடாது. பெண்கள் மட்டும் வண்டிகளை மேலே கொண்டுபோக வேண்டும். பார்க்கிற ஆண்கள் அழுவார்கள். ஒவ்வொரு வருடமும் அழுவார்கள்.

"யாராவது கை நீட்டினா, அந்தப் பொண்ணுக்குக் கிடைக்க வேண்டிய ஆசீர்வாதத்தைத் திருடறீங்க," என்றார் ஹாட்லக். "ஞாபகம் இருக்கட்டும்."

முன்கட்டையில் நானும் பிரியெல்லும். பின்னால் இரண்டு பேர். மணலில் சக்கரம் புதைந்தது. பிரியெல், "நான் செத்தா இந்தத் தொப்பியோட புதைச்சுடாதே," என்றாள். சிரிக்க மூச்சில்லை. பரிசுத்தமாக எதையும் நான் நினைக்கவில்லை. ஐஸ் கட்டியை நினைத்தேன்.

பாதி மேட்டில் வரிசை தொடங்கியது. சில பையன்கள் அதற்குள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்குக் கண் இருட்டியது. முட்டி தரையில் பட்டது. வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னாலிருந்த பெண்கள் கத்தினார்கள்.

கார்வின் வரிசையை விட்டு வந்தான். தொப்பியைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். வண்டி நின்றது.

"தண்ணி குடிச்சியா?"

"காலைல."

"அறிவிருக்கா உனக்கு? தள்ளி உக்காரு."

என் இடத்தில் நின்று மேலே வரை இழுத்தான். யாரும் தடுக்கவில்லை.

நான் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக ஏறிப் போனேன். ஹாட்லக் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் கார்வினைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். கண்ணாடி நனைந்திருந்தது. முன்னோரின் வண்டிகளைத் தேவதூதர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள் என்பது நாங்கள் நடக்கப் பழகும் முன்பே கேட்ட கதை.

"நான் தொடாதேன்னு சொன்னேன்," என்றார் எல்லோரையும் பார்த்து. "அப்புறம் இவனை யார் அனுப்பினது? சொல்லுங்க, யார்?"

பெண்கள் விசும்பினார்கள். பிரியெல் கூட. கார்வின் தரையைப் பார்த்தான்.

நானும் கார்வினும் இறங்கி, மேட்டடிக்கு வந்து நின்ற பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்தோம். சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும் என்பார்கள். நம்புகிறேன் என்பதல்ல. தெரியும்.

"நீ விழுந்த. அவ்வளவுதான்," என்றான் கார்வின்.

"அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க."

"பாத்தேன்."

"திரும்பிப் போவியா?"

கையிலிருந்த மணலைத் தட்டினான். "அங்க ஒவ்வொரு கதவா தட்டி, எனக்குத் தெரியும்னு சொல்லணும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. கேக்கறவங்க நல்லவங்க. நாற்காலி போட்டு உக்கார வெச்சு, நிஜமாவான்னு கேப்பாங்க." மீதி மணலையும் தட்டினான். "எல்லாரும் சேந்து போன்னு சொன்னா போயிடுவேன் ஆரலி. அதுதான் பயமா இருக்கு."

ஹாட்லக் போனோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "உங்கம்மா. எல்லாம் சொல்லிட்டேன். உன்கிட்டயும் கேக்கணுமாம் ஆரலி."

நான் வாங்கினேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"நடந்துடுச்சாமே கண்ணு. நீயும் பக்கத்துல இருந்தியாமே. சொல்லு, உன் வாயால சொல்லு."

ஆமாம் என்றால் போதும். அம்மாவுக்கு நாலு மாதத்தில் முதல் நல்ல நாள். ஞாயிறு அவள் தலைவரிடம் சொல்லுவாள். தலைவர் கார்வினிடம் சொல்லுவார். அவன் போய்விடுவான்.

"நான் தண்ணி குடிக்காம மயங்கி விழுந்துட்டேம்மா. அவன் வண்டியைப் பிடிச்சான். வேற ஒண்ணும் நடக்கலை."

"ஹாட்லக் சகோதரர் பாத்தாரே."

"அவர் மேல நின்னார். நான்தான் கீழ கெடந்தேன்."

போனில் அம்மாவின் சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. ஹாட்லக் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. ஆறு நாள் களைப்பு ஒரே நேரத்தில் அவர் முகத்தில் இறங்கியது.

"அவன்கிட்ட குடு," என்றாள் அம்மா.

கார்வின் காதில் வைத்துக்கொண்டான். "ம்... இல்லைம்மா... ஆமா, அவ சொன்னதுதான்... தெரியலைம்மா. தெரியாம தெரியும்னு சொல்ல வரலை." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

ஹாட்லக் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வட்டத்துக்கு வந்துடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"பெட்டியைப் பிரிச்சு வெச்சுடறேன்னாங்க."

பராகுவேயிலிருந்து வந்த நாள் முதல், திரும்பப் போகத் தோதாக, அது கட்டியபடி வீட்டு நடையில் நின்றிருந்தது. தாண்டித் தாண்டித்தான் போவோம்.

வட்டத்தில் போய் உட்கார்ந்தோம். என் முறை வந்தபோது எழுந்து, களைப்பாக இருக்கிறது என்றேன். அது மட்டும்தான் வந்தது. உட்கார்ந்தேன். அடுத்தது கார்வின். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தார்கள். ஒரு ஈ அவன் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த பிரியெல், அவன் முறை முடிந்துவிட்டதுபோல, பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.