கார் வியர்த்த வீடு

காருக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் கணவனுக்கு வியர்ப்பது நின்றுபோயிற்று. அவனுக்குப் பதிலாகக் கார் வியர்த்தது. இதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய மூக்குதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் சட்டைக் காலரில் தேய்த்துத் தேய்த்துப் போக்கிய அதே புளித்த வாடை, அவன் அலுவலகம் போன பிறகும் முன்னறையில் அடித்தது. அங்கே நின்ற காரைக் குனிந்து பார்த்தாள். ரேடியேட்டர் மூடியைச் சுற்றி முத்து முத்தாக நீர் துளிர்த்து வழிய, கீழே தரையில் உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தவள், சீ என்று கையை உதறிக்கொண்டு போய், சோப்பு பாதியாகும்வரை கழுவினாள்.

அது கடையில் ஓட்டிப் பார்த்து வாங்கும் கார் அல்ல. பெட்டி பெட்டியாக உதிரிகளாய் வந்து, வாங்கியவனே வீட்டில் வைத்து மாட்டிக்கொள்ள வேண்டிய வகை. எஞ்சின் பெட்டியில் வராது என்பதால், எங்கோ மோதி நசுங்கிய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கொண்டுவந்து பின்பக்கம் உட்காரவைத்தான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர்களின் விபத்துகளைப் படிப்பவனுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்ததோ, யாருக்கும் தெரியாது. முன்னறைச் சுவரை இடித்து ஷட்டர் போட்டார்கள். சோபா படுக்கையறைக்குப் போயிற்று. அதன்பின் அவள் கட்டிலுக்குப் போவதென்றால் சோபாவில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். எஞ்சின் பின்னால் இருக்க, ரேடியேட்டர் முன்மூக்கில் இருந்தது. நடுவே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போய்வர இரண்டு அலுமினியக் குழாய்கள். அதில் ஒன்று வழியிலிருந்த இரும்புச் சட்டத்தின்மேல் ஏறி இறங்கியது. அந்த மேட்டில் காற்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை அந்தப் பக்கம் விடவில்லை. எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பதால் ஊரெல்லாம் ஆகட்டும் என்றே அழைத்த பைக் மெக்கானிக், வண்டியின் மூக்கை ஜாக்கியில் தூக்கி, குழாய் முனையிலிருந்த ரப்பர் ஹோஸைப் பிசைந்து பிசைந்துதான் காற்றை வெளியேற்ற வேண்டும், அரைநாள் ஆகும் என்றான். அவள் கணவனுக்கு ஏது அந்தப் பொறுமை? ஹோஸின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். காற்று அவன் வயிற்றுக்குள் போயிற்று. வாய் நிறைய வந்த பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரைத் துப்பிவிட்டு, ஏதோ சாதித்தவன்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் காற்று என்றார், வேறொன்றும் இல்லை என்றார். ரேடியேட்டரில் நீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறியது. சில மாதங்களில் பச்சை நிறத் தண்ணீரெல்லாம் வழிந்துபோய், உள்ளே அவன் வியர்வை மட்டுமே ஓடியது. எஞ்சின் இத்தனை குளுமையாக ஓடிப் பார்த்ததில்லை என்றான் ஆகட்டும். தினமும் காலையில் மிகுதியை வாளியில் இறக்க வேண்டும். மேலே ஏடு கட்டி, தலைமுடி மிதந்து, இளஞ்சூடாக இருக்கும் அந்த வாளியை யார் சுமந்தார்கள் என்று கேட்க வேண்டுமா? அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அவள்தான் மூச்சை அடக்கிக்கொண்டு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். இத்தனைக்கும் அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். அடுத்தவர் வாயில் குழாயை வைத்து எச்சில் உறிஞ்சுவது அவள் பிழைப்பு, ரத்தத்துக்கும் சீழுக்கும் முகம் சுளிக்காதவள். இந்த வாளிக்குக் குமட்டினாள். வருடங்கள் போயின. அவன் ஒரே சட்டையை வாரம் முழுக்கப் போட்டாலும் மணக்கவில்லை. அவள்மீதுதான் அவன் நாற்றம் ஏறிக்கொண்டது. மருத்துவமனையில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள்கூட மூக்கைச் சுருக்கினார்கள். உறவினர்கள் வருவதை நிறுத்தினார்கள், அதற்கு மட்டும் அவள் வருத்தப்படவில்லை.

ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாளியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டாள்.

"ஏங்க, உங்க வேர்வைய நான் இன்னும் எத்தன வருஷம் அள்ளிக் கொட்டுறது? ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவன் காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விற்றுவிடலாம் என்றான். அவன் முதலில் காரைத்தான் பார்த்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

அன்றே வாங்க வந்தவர் மருந்துக்கடைக்காரர். உச்சிவெயிலில் ஆகட்டும் பக்கத்தில் உட்கார, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். கடைத்தெரு தாண்டியதும் ஒரு கிளிப் தளர்ந்து ஹோஸ் கழன்றது. உள்ளே இருந்ததெல்லாம் நடுரோட்டில் கொட்டிற்று. அதே நேரம் வீட்டில், சோபாவில் படுத்திருந்த கணவன், என்னமோ எரியுது என்றான். அவன் நெற்றியில் அவள் போட்ட ஈரத்துண்டு சுர்ரென்று காய்ந்து மொடமொடத்தது. டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமென்றால் தொட முடியவில்லை. முதுகுக்கடியில் சோபாவின் ரெக்சின் இளகி நாறியது.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆகட்டும் ஹோஸை மாட்டிக் குழாய்த் தண்ணீர் ஊற்றினான். ரேடியேட்டர் அதை அப்படியே திருப்பித் துப்பியது. அவள் காலையில் கூடத்தில் வைத்த வாளியைத் தூக்கிவந்து ஊற்றினான், அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மேட்டில் மறுபடி காற்று. மூக்கைத் தூக்கினான், பிசைந்தான், வாய் வைத்தும் உறிஞ்சினான். அவன் மூச்சுதான் அவனுக்குத் திரும்ப வந்தது.

"எனக்கு வரமாட்டேங்குது அண்ணி. வீட்டு ஆளுதான் வாய் வைக்கணும்போல."

உள்ளே கணவன் முனகுவது கேட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு அவனை அடியோடு பிடிக்கவில்லை. அவன் காற்று, அவன் காலர், அவன் பஸ், எதுவுமே பிடிக்கவில்லை. அவன் செத்துப்போவதும் பிடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. ஹோஸின் முனையில் கிரீஸும் ஆகட்டுமின் எச்சிலும் ஒட்டியிருந்தன. துடைத்தால் தைரியம் போய்விடும் என்று துடைக்காமலே வாயில் வைத்தாள். முதல் இழுப்பில் ரப்பர் நாற்றம். இரண்டாவதில் காற்று. மூன்றாவதில் வெதுவெதுவென்று, உவர்ப்பும் புளிப்புமாக, ஏடும் முடியுமாக அது வந்தது. துப்ப வாயை எடுத்தால் காற்று மறுபடி புகுந்துவிடும் என்பதால் விழுங்கினாள். மேடு களக்கென்றது. தண்ணீர் ஓடிற்று. படுக்கையறையில் அவன் குளிருது என்று போர்வை கேட்டான். அவள் பின்பக்கம் போய், குடலே வாய்க்கு வருமளவு வாந்தியெடுத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கும் வியர்க்கவில்லை. மறுநாள் காலை வாளி இரண்டானது, அவள் இரண்டையும் அவன் கையில் கொடுத்தாள். முதல் பஸ் போய்விட, அடுத்த பஸ்ஸில் போனான். அவன்மீது இரண்டு பேர் நாற்றம் அடிப்பதாக அலுவலகத்தில் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

வெகுநாள் கழித்து மருந்துக்கடைக்காரர் மறுபடி வந்து காரைக் கேட்டார். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷட்டருக்குக் கீழே நின்றாள்.

"அது விக்கிறதுக்கு இல்லங்க. எங்க ரெண்டு பேரு வேர்வையும் அதுலதான் ஓடுது."

அவர் குனிந்து குழாயைப் பார்த்துவிட்டு, உப்பு அலுமினியத்தை அரிக்காதா என்று கேட்டார்.

"அரிக்கும். அப்பப்ப குழாய மாத்தணும். மாத்தினா யாராவது ஒருத்தர் வாய் வச்சு இழுக்கணும்," என்றாள். "இந்தத் தடவ அவர் முறை."

அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்கப் போனார்.