கால் பாவாத மேசை

வெல்டிங்காரி தன் பட்டறைக்கென்று செய்து நிறுத்திய மேசையின் கால்கள் தரையைத் தொடவில்லை; நான்கு விரல் மேலே நின்றன. பதினோரு வருடம் தரையில் குந்தியே கதவும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்ததில் அவள் முதுகு வில்லாக வளைந்திருந்தது. இனியும் குந்தினால் படுத்த படுக்கைதான் என்றார் வைத்தியர். "பட்டறையை மூடிடலாம்" என்றான் பெயின்ட் அடிக்கும் புருஷன். அவள் பழைய இரும்புக் கடைக்குப் போனாள்.

மூன்று நாள் தேடினாள். மெல்லிய தகடு சூட்டில் நெளியும், துருவேறியது தீப்பொறியைத் துப்பும் என்று ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் அரை அங்குலக் கனத்தில் ஒரு தகட்டைப் பிடித்தாள். மட்டம் பார்க்க அதன்மேல் நேர்ச்சட்டத்தை நிறுத்திப் பார்த்தாள். அடியில் பொட்டு வெளிச்சம் கசியவில்லை. நான்கு பேர் சுமந்து வந்தார்கள். தன் இடுப்புக்கு அளந்து கால் வெட்டிப் பற்றவைத்து நிமிர்த்தியதும் மேசை மெல்ல எழும்பி நின்றுகொண்டது.

"அளக்கும்போது கண்ணு எங்க போச்சு?" என்றான் புருஷன்.

"அளவு சரியாத்தாங்க இருக்கு. தரைதான் கீழ கிடக்கு."

அவன் தரையைக் குடைந்து, கால்களை அழுத்தி இறக்கி போல்ட் முடுக்கினான். மறுநாள் கால்கள் சிமெண்டுக் கட்டிகளோடு பெயர்ந்து அதே உயரத்தில் நின்றன. ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவை விட்டு அசையவில்லை. அவன் தன் பெயின்ட் டப்பாவுக்குத் திரும்பினான்.

விஷயம் அவள் அதன்முன் நின்று வேலை செய்தபோதுதான் தெரிந்தது. கூன் முதுகோடு அளந்ததில் அவள் நான்கு விரல் தவறவிட்டிருந்தாள். மேசை அதைத் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. அவள் முதுகு நிமிர நிமிர மேசையும் ஏறியது. மூன்றாம் வருடம் தரைக்கு மேல் ஒரு சாண். ஆறாம் வருடம் வைத்தியர் வீட்டு மாடிக் கதவை மாட்ட அவளே ஏணியேறிப் போனாள். வைத்தியர் முதலில் ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தார்.

"கால் தொங்குதே, பயமா இல்லையா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. "கூட்டிப் பெருக்க வசதி" என்பான் புருஷன், டப்பாவிலிருந்து தலை தூக்காமல்.

ஒருமுறை அவசர வேலைக்கு இரும்பு போதாமல் அவள் மேசையின் ஒரு காலை அறுத்தெடுத்தாள். மேசை அசையவில்லை. மற்ற மூன்றும் பின்னால் ஒவ்வொன்றாகப் போயின. இன்று அவை நான்கு வீட்டுப் படிக்கட்டுகளில் கைப்பிடித் தூண்களாக இருக்கின்றன. அவையெல்லாம் தரையில் ஊன்றித்தான் நிற்கின்றன.