காவலில் பெருகிய வாத்துகள்

1

போலீஸ் காவலில் எண்பத்தொரு நாள் இருந்த ஐந்து வாத்துகள், வெளியே வரும்போது ஆறாக வந்தன.

இதுதான் கதையின் முதல் வரி. நம்ப வேண்டாம். இதுவரை யாரும் நம்பவில்லை. நீங்கள் மட்டும் நம்பினால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். வாத்து முட்டை பொரிக்க இருபத்தெட்டு நாள்தான், எண்பத்தொரு நாளில் இரண்டு ஈடு பொரித்திருக்கலாம், ஒன்றோடு நின்றது காவல்துறையின் கண்டிப்பால்தான் என்றுகூட ஒரு வரி எழுதி அடித்தேன். [அடித்தது தெரியட்டும்.]

கதை பிறந்த இடம் அரியலூரில் எங்கள் வீட்டுச் சமையலறை. "ஆறு வாத்து" என்று நான் வாயைத் திறந்ததும் உண்ணாமலை (மனைவி, நாற்பத்திரண்டு வருடமாக என் பேச்சுக்குத் தணிக்கை அதிகாரி) வெங்காயத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க வாயில அஞ்சு என்னிக்கு அஞ்சாவே இருந்திருக்கு? போயி எழுதி வைங்க. எழுதுறப்பயும் நான் நான்னு ஆரம்பிக்காதீங்க, படிக்கிறவங்க ஓடிருவாங்க."

ஆகவே இனி 'நான்' கிடையாது. இளையபெருமாள் என்று ஒருவர். வயது அறுபத்தேழு. நல்ல களையான முகம். [இதை உண்ணாமலை இன்னும் படிக்கவில்லை.]

2

இளையபெருமாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்து மூன்று வருடம் ஃபோர்மேன். கல்லுக்குள் கடல்நத்தை ஓடு எட்டிப் பார்த்தால் லாரியையே நிறுத்திவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து அதை முழுசாக வெளியே எடுக்கிற ஆள். ஒருமுறை அப்படித் தேய்க்கும்போது நத்தை நகர்ந்து— [இந்தப் பத்தி முழுவதும் கிழிக்கப்பட்டது.]

ஓய்வு பெறும் வயதில் பிடித்த பைத்தியம் துப்பாக்கி. சுடுவதற்கு அல்ல, இன்றுவரை ஒரு தோட்டா வெடித்ததில்லை. பார்ப்பதற்கு. நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளில், குழலும் கட்டையும் சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எஃகுத் தகடு இருக்கும். அதில் கொடி, பூ, பறவை என்று மயிரிழை உளியால் செதுக்கியிருப்பார்கள். எவனோ ஒருவன் எங்கோ ஒரு குளிர்நாட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கியதை அரியலூர் வெயிலில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று அவருக்குத் தினமும் பூரிப்பு.

சேகரிப்பவரை இங்கிலீஷில் கலெக்டர் என்பார்கள். சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. எனவே இந்தக் கலெக்டரின் மொத்தச் சேகரிப்பு இரண்டு. ஒன்று இங்கிலாந்து, வெறும் ரோஜாக்கொடி, சாது, இந்தக் கதைக்கு வேண்டாம். இன்னொன்று பெல்ஜியம், வாலிகண்டபுரம் பக்கம் ஒரு பண்ணைவீட்டுப் பரணிலிருந்து வந்தது. அதற்காகப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கும் அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கும் பஸ் ஏறி ஏறி, கடைசியில் இரண்டு கலெக்டர்கள் கையெழுத்துப் போட்டு மூன்றாவதாக ஒரு கலெக்டரை உண்டாக்கினார்கள். அவர்கள் நன்றாயிருக்க வேண்டும்.

பெல்ஜியம் தகட்டில் ஒரு நாணல் புதர். மேலே பறக்கும் ஐந்து வாத்துகள். கீழே ஒரு வேட்டைநாய். அந்த நாய்தான் விஷயம். அது வாத்துகளைப் பார்க்கவே இல்லை. தலையைத் தாழ்த்தி நாணலுக்குள் பார்க்கிறது. எதை? பதினோரு வருடம், தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இளையபெருமாள் அதனிடம் கேட்டுவந்தார்.

3

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். [எந்த நிலையம் என்று எழுதியிருந்தேன். ஒருவர் கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன். யார் என்பது பின்னால் வரும்.] அங்கே பதிவேடு எழுதுகிறவருக்கும் ரைட்டர் என்றுதான் பெயர். வெற்றிச்செல்வி, ஏட்டு. அவர் எழுதியதை யாரும் மாற்ற முடியாது. இதை எழுதுகிறவர் எழுதியதை யாரும் நம்புவதில்லை. இரண்டு ரைட்டர்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

"துப்பாக்கி நம்பர் பாதி தேஞ்சு போச்சே ஐயா. எத வச்சு எழுத?"

"படம் இருக்கே ரைட்டரம்மா. அஞ்சு வாத்து, ஒரு நாய்னு அடையாளம் எழுதுங்க. நாய் கீழ பாக்குதுன்னும் எழுதிடுங்க."

"ஏன், அது யாருக்கு ஓட்டுப் போடும்னும் எழுதிரவா?"

'ஐந்து வாத்து, ஒரு நாய்' என்று எழுதினார். நாயின் பார்வை பதிவேட்டில் ஏறவில்லை. ஆனால் பேனாவை மூடும்போது, "அது எதத்தான் பாக்குது?" என்று கேட்டுவிட்டார். கேட்டது தனக்கே பிடிக்காதவர்போல உடனே, "சரி, போயிட்டு வாங்க. ஜூன்ல பாக்கலாம்."

4

ஜூனில் துப்பாக்கி மேசைக்கு வந்தது. இளையபெருமாள் கண்ணாடியைத் துடைத்து எண்ணினார். ஆறு. நாயின் மூக்குக்கு நேர் கீழே, இரண்டு நாணல் தண்டுகளுக்கு நடுவில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு குட்டி வாத்து.

"ரைட்டரம்மா! ஆறு இருக்கு!"

"அஞ்சு."

"நீங்களே எண்ணிப் பாருங்களேன்."

"எண்ணித்தான் எழுதினேன். ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. நம்பர் பாதி இல்ல. அடையாளம் அஞ்சு வாத்து. அஞ்சுன்னா இது உங்க துப்பாக்கி. கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்குக் கொண்டு போலாம். ஆறுன்னா இது வேற யாரோடதோ. விசாரணை வைக்கணும். எப்பத் திரும்பி வரும்னு எனக்குத் தெரியாது."

வாசகரே, இவர் நிலைமையைப் பாருங்கள். ஐந்தை ஆறாக்கியே அறுபத்தேழு வயது வந்த மனிதர். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆறு உண்மையிலேயே ஆறாக இருக்கிறது. இப்போது போய் ஐந்து என்று பொய் சொன்னால்தான் துப்பாக்கி வீடு வரும்.

இந்த இடத்துக்குச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஐந்து என்று கையெழுத்திட்டார்; ஆறாவது வாத்து அவரைப் பார்த்து— [வேண்டாம். பாவம்.]

"ஆறு!" என்று மேசையைத் தட்டினார், நிலையமே எழுந்து நின்று சல்யூட்— [உண்ணாமலை சிரித்தே செத்துவிடுவார்.]

நடந்தது இது. பேனாவை வாங்கிப் பதிவேட்டில் எழுதினார்: 'என் வாத்துகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்.'

வெற்றிச்செல்வி இரண்டு முறை படித்தார். முத்திரை குத்தினார். நிமிரவே இல்லை.

5

ஊரில் ஒருவரும் நம்பவில்லை. உண்ணாமலை தகட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "முன்னாடியும் ஆறாத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு எண்ணத் தெரியல" என்றார். உள்ளே போனது ஐந்து என்று அறிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

இளையபெருமாள் இந்தக் கதையை நாலாவது பகுதிவரை எழுதி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், சீருடை இல்லாமல் வந்திருந்த வெற்றிச்செல்வி நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"நெலையத்துப் பேர எடுங்க. எம்பேரையும் மாத்துங்க."

"சரிங்க." [மாற்றியாகிவிட்டது.]

"நாயச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. தெனம் அது மூஞ்சில முழிச்சது நானு. பீரோவத் தொறந்தா கீழயே பாத்துக்கிட்டு நிக்கிது. ஒரு நாள் முடியல. எம்பொண்ணோட பழைய பல்லு பிரஷ்ஷு, கொஞ்சம் மண்ணெண்ண. பதினோரு வருசமா நீங்க போட்ட எண்ணெயும், அரியலூர் சிமெண்டுத் தூசியும் சேந்து அந்த எடமே பூசி மெழுகுன மாதிரி இருந்துச்சு. மொதல்ல கண்ணு மட்டும் வந்துச்சு ஐயா." டீயை வைத்தார். "ஒப்படைச்ச பொருளத் தொடக்கூடாது. தொட்டேன்னு அன்னிக்கு எப்படிச் சொல்லுவேன்?"

ஊரார் கல்லிலெல்லாம் நத்தை தேடிய மனிதர், தன் கையாலேயே பதினோரு வருடம் ஒரு குஞ்சுக்குப் பூச்சு வேலை செய்து மூடியிருக்கிறார். இளையபெருமாள் கண் கலங்— நான் அழவில்லை. டீ சூடு.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். முதல் தடவையாக ஒன்றும் கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை.

முடிவை உங்களிடமே விடலாம் என்று கடைசிப் பக்கத்தை வெறுமையாக வைத்திருந்தேன். வெற்றிச்செல்வி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பேனாவை வாங்கினார். கடைசிப் பக்கத்தில் எழுதவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், முதல் வரியின் ஓரத்தில், பதிவேட்டுக்கே உரிய அந்தக் குண்டு எழுத்தில் எழுதினார்:

'சரிபார்க்கப்பட்டது. உள்ளே போனது ஐந்து. வெளியே வந்தது ஆறு.'